சதுப்புக் கிணறும் பிசீன் ரோசாலியும்

நான் யாரையும் லேசில் புகழ்கிறவள் இல்லை. பாரிஸில் ரூ பெர்தொனேத் தெருவில் கடை வைத்த இத்தனை வருஷத்தில், பாதிச் சனம் என் மிளகாய்த்தூளுக்காக வருகிறது, மீதிச் சனம் என் வாய்க்குப் பயந்து பக்கத்துக் கடைக்குப் போகிறது. "இந்திராதேவி அக்காவிட்டைப் பேச்சு வாங்காமல் சாமான் வாங்க ஏலாது" என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும். கருவாட்டை நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை மடியில் வைத்துக் கொஞ்சவா முடியும்? அப்படிப்பட்ட நான் இன்றைக்கு ஒரு மனிசியைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

அவள் பெயர் ரோசாலி. புதுச்சேரிக்காரி. எங்கள் தெருவில் பிசீன் ரோசாலி என்றால்தான் விளங்கும். பிசீன் என்றால் நீச்சல் குளம். ஒபர்வில்லியேப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் அவளுக்கு வேலை. குளத்தில் இல்லை, குளத்துக்குக் கீழே. நிலவறையில் இருக்கிற மோட்டார், வடிகட்டி, மருந்துத் தொட்டி எல்லாம் அவள் பொறுப்பு. இதில் பெரிய பகிடி என்னவென்றால் அவளுக்கு நீந்தத் தெரியாது. கேட்டால், "தண்ணியப் பாத்துக்கறது என் வேல. அதுல விழறது மத்தவங்க வேல" என்பாள்.

தகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த உரிமையில் பத்தொன்பது வயதில் பாரிஸ் வந்தாள். கட்டினவன் மர்செய்யில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி நான் வாயைத் திறந்தால், "இந்திரா, நீ உன் மிளகாயப் பாரு" என்று அடைத்துவிடுவாள். ஆரம்பத்தில் அந்தக் குளத்தில் உடுப்பு மாற்றும் அறைகளைக் கழுவுகிற வேலை. ஒரு கோடையில் கீழே மோட்டார் பார்க்கிறவர் லீவில் போயிருக்க, தண்ணீர் பச்சை அடித்துவிட்டது. மேலதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டு நிற்க, இவள் துணிந்து, "நான் இறங்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். இறங்கினாள், எதையெதையோ திருப்பினாள். தண்ணீர் முன்னையை விடப் பச்சையானது! குளத்தையே மூடவேண்டி வந்ததாம். வேறொருத்தி என்றால் அந்தப் பக்கமே தலை காட்டமாட்டாள். இவள் வெட்கம் தாங்காமல் படிக்கப் போனாள். நாற்பது வயதில் சின்னஞ் சிறுசுகளோடு வகுப்பில் இருந்து சான்றிதழ் எடுத்து, அதே நிலவறைக்குப் பொறுப்பாளியாகத் திரும்பி வந்தாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். பிழை விட்டால் ஓடி ஒளிக்கமாட்டாள்.

இனி லவனுக்கு வருகிறேன். லவன் என் சித்தியின் மகன், ருவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். ஊரில், யாழ்ப்பாணத்தில், அவனுக்கு மனைவி அஜந்தா, மகள் அக்ஷரா. பிள்ளைக்கு நாலு வயது ஆகப் போகிறது. தகப்பன் அவளைக் கையில் தூக்கியது, ஊருக்குப் போய் நின்ற ஒரே ஒரு மாதம். மிச்சமெல்லாம் கைத்தொலைபேசிக்குள்தான். அவள் அந்தக் கண்ணாடிக்கு முத்தம் கொடுப்பாள், இவன் இங்கே கன்னத்தைத் துடைத்துக்கொள்வான். பார்க்கச் சகிக்காது.

குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் வீடு வேண்டும். சும்மா வீடு இல்லை. குடும்பத்துக்குப் போதுமான இடம், சூடாக்கி, குழாயில் குடிக்கக்கூடிய தண்ணீர் எல்லாம் இருக்கிறதா என்று அரசாங்கத்தில் இருந்து ஆள் வந்து பார்த்து எழுதவேண்டும். கூசேன்வில்லில் நாலு பேரோடு ஒரு அறையில் கிடந்தவனுக்கு எவன் வீடு கொடுப்பான்? ஏறாத படி இல்லை. கடைசியில் கூசேன்வில்லும் தாண்டி, கிறேயும் தாண்டி, ஒரு கிராமத்தின் கடைசி வீடு கிடைத்தது. உரிமையாளர் லூடோவிக் குதிரை வளர்க்கிறவர், நல்ல மனிசன். வீடும் நல்ல வீடு. இரண்டு அறை, சமைக்கப் பெரிய குசினி, பின்பக்கம் பிள்ளை ஓடித் திரியப் புல்வெளி.

ஆனால் ஊர்த் தண்ணீர்க் குழாய் அந்த வீடு வரை வரவில்லை. கிணறுதான். கிணறு நிற்பதோ சதுப்பு ஓரம். பிரெஞ்சில் அந்த மண்ணைத் தூர்ப் என்கிறார்கள். புல்லும் வேரும் பாசியும் ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணீருக்குள் கிடந்து, முழுக்க உக்காமல் கறுத்துப்போன மண். அந்த மண்ணுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் எப்படியிருக்கும்? அசல் தேத்தண்ணி. லவன் ஒரு போத்தலில் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தான். கருவாடு வாங்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் ஒரு பிளேன்ரீ ஊத்துங்கோ" என்கிறார்!

எனக்குத் தண்ணீர் தெளிய வைக்கத் தெரியாதா என்ன? கடையில் தேத்தாங்கொட்டை இருக்கிறது. ஊரில் வெள்ளம் வந்து கிணறு கலங்கினால் அதைத்தானே உரசிப் போடுவோம்? எடுத்து ஒரு சட்டியின் உட்பக்கத்தில் நன்றாகத் தேய்த்து, அந்தத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி வைத்தேன். பின்னேரமானது. அடுத்த நாளும் ஆனது. நிறம் ஒரு பொட்டும் அசையவில்லை.

அப்போதுதான் ரோசாலி கடைக்கு வந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, எங்கே தண்ணீரைக் கண்டாலும் மோந்து பார்ப்பாள். சாப்பாட்டுக் கடையில் வைக்கிற தண்ணீர்க் கூசாவைக்கூட விடமாட்டாள். சட்டியைத் தூக்கி மோந்தாள்.

"இது என்ன கூத்து, இந்திரா?"

"தெளிய வைச்சிருக்கிறன்."

"மே நோன், அட இல்ல! இது சேறு இல்லம்மா. சேறுன்னா உன் கொட்டைக்கு அடங்கும். இது சாயம். கரைஞ்சு போன சாயம் எப்படி அடியில உக்காரும்? டீய நாள் பூரா வச்சிருந்தா தண்ணி ஆயிடுமா?" என்று சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் அதோடு விடவில்லை. "இத யாரு குடிக்கப் போறாங்க?" என்று கேட்டாள்.

பக்கத்தில் நின்ற லவன், "என்ரை மகள், அக்கா" என்றான்.

ரோசாலி சிரிப்பை நிறுத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனோடு ரயிலேறிவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கும் எங்களுக்கும் சொந்தமா, பந்தமா? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அதையும் ஊர் பேர் தெரியாத ஒரு கிணற்றடியில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அங்கே போய் அவள் முதலில் கண்டது கிணற்றை இல்லை, கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருந்த குதிரைச் சாணிக் குவியலை. லூடோவிக்கை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாளாம். மழை பெய்தால் எல்லாம் நேரே கிணற்றுக்கு. பரிசோதனைக்கு அனுப்பினால், வயிற்றாலடிக்கிற கிருமி, இரும்பு, புளிப்பு எல்லாம் இருக்கிறது என்று பதில் வந்தது. லூடோவிக் பாவம், முகம் சிவந்துபோய் அந்த வாரமே குவியலைத் தூர மாற்றிவிட்டார். அவர் வீட்டிலும் போத்தல் தண்ணீர்தானாம், கிணற்றுத் தண்ணீர் குதிரைக்கு மட்டும்.

குவியலை மாற்றினாலும் கிருமி ஒரு நாளில் போகுமா? ரோசாலி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். நீச்சல் குளக்காரிக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? குளோரின்! தொட்டி ஒன்றில் தண்ணீரை ஏற்றி, அளந்து மருந்து போட்டாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். தேத்தண்ணி வெளிறுகிறது, மஞ்சளாகிறது, பின்னேரத்துக்குள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. லவன் அவளைத் தூக்கிச் சுற்றாத குறை. எங்கள் ஊரிலும் கிணற்றுக்குக் குளோரின் போடுவதுதானே, இதை நான் ஏன் முதலே யோசிக்கவில்லை என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. திரும்பப் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. நிறம் இல்லை. வீடு பார்க்க ஆள் வருகிற நாளும் குறித்தாயிற்று.

அந்த நாள் வந்தது. நான் விடியவே கடையை மூடிவிட்டு, வடையும் பொரித்து எடுத்துக்கொண்டு போனேன். ரோசாலி லவனுக்கு மொழிபெயர்க்க வந்திருந்தாள். பிள்ளையின் அறைக்கு லவன் மஞ்சள் வர்ணம் அடித்து, சின்னக் கட்டிலும் போட்டு வைத்திருந்தான். ரோசாலி குளியலறைக்குப் போய்ச் சுடுதண்ணீரைத் திறந்தாள். ஆவி கிளம்பியது. மூக்கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, கிணத்துக்குள்ளை வாளி விழுந்தமாதிரி நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பிசீன் வாசன வருது, இந்திரா."

"குளோரின் போட்டால் மணக்காமல் என்ன செய்யும்?"

"இல்ல. சனங்க அத சுத்தத்தோட வாசனன்னு நெனைக்குது. சுத்தமான தண்ணியில குளோரின் இவ்ளோ மணக்காது. அது அழுக்கோட சேந்தாத்தான் இந்த நாத்தம். பிசீன்ல வேர்வையும் மூத்திரமும். இங்க அந்தச் சாயம். சாயம் எங்கயும் போகல, இந்திரா. கண்ணுக்குத் தெரியாம வேற ஒண்ணா மாறி உள்ளயே கெடக்குது. நான் அவசரப்பட்டுட்டேன். சாயத்த மொதல்ல எடுத்திருக்கணும்."

போன கிழமையே அவளுக்கு லேசாகச் சந்தேகம் வந்து ஒரு போத்தலை வேறு பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். பதில் இன்னும் வரவில்லை. இதைக் கேட்டுக்கொண்டு லவன் வாசலில் நின்றான். அவன் முகம் செத்துப்போனது.

"அக்கா, இண்டைக்கு மட்டும் ஒண்டும் சொல்லாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன். அவ பாத்து எழுதிப்போட்டுப் போகட்டும். பேந்து நீங்கள் என்ன சொல்லுறியளோ அதைச் செய்வம். இது பிந்தினால் எப்ப திரும்ப வருமெண்டு கடவுளுக்குத்தான் தெரியும்."

ரோசாலி குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, "சரி. அவங்க கேக்காத வரைக்கும் நான் வாயத் திறக்கல" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் ஒப்புக்கொண்டாள். நானும் சாட்சி.

வீடு பார்க்க வந்தவ ஸ்டெஃபானி என்கிற இளம் பெண். சிரித்த முகம். அறைகளை அளந்தா, சூடாக்கியில் கை வைத்துப் பார்த்தா, மஞ்சள் அறையைக் கண்டு, "அழகாயிருக்கு" என்றா. குழாயைத் திறந்து பார்த்தா, கிருமி இல்லை என்ற பேப்பரை வாங்கிப் படித்தா. எல்லாம் சரி. பேனையை எடுத்துவிட்டா. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்குகிறது, அக்ஷரா வந்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டேன்.

இந்த லவன் இருக்கிறானே! வீட்டுக்கு வந்த மனிசருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் சனத்துக்கு ஏலாத காரியம். அவன் கை தன்பாட்டில் கிளாசைத் தேடிப் போகிறது. போத்தல் தண்ணீர் கண்ணில் பட்டால் சந்தேகப்படுவா என்று காலையிலேயே எல்லாப் போத்தலையும் இரவல் வாங்கி வந்த காரின் பின்பெட்டிக்குள் ஒளித்துவிட்டான். இப்போது என்ன செய்தான்? குழாயைத் திறந்து கிளாசை நிரப்பி, தட்டில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். நான் கண்ணைக் காட்டுகிறேன், இருமுகிறேன், அவன் பார்த்தால்தானே. ஸ்டெஃபானியும் "மெர்சி" என்று நன்றி சொல்லி வாய் வரை கொண்டுபோய்விட்டா.

"குடிக்காதீங்க, மதாம்."

ரோசாலி பிரெஞ்சில்தான் சொன்னாள். சத்தம் போடவும் இல்லை. ஸ்டெஃபானி கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்டா. ரோசாலி ஒன்றுவிடாமல் சொன்னாள். பிழை வீட்டுக்காரர் மேலும் இல்லை, லவன் மேலும் இல்லை, மருந்து போட்டது நான் என்றாள்.

ஸ்டெஃபானி பேனையை மூடினா. தண்ணீர் சரியில்லை என்று தெரிந்தபிறகு தன்னால் சரி என்று எழுத முடியாது, ஆனால் விண்ணப்பத்தை மூடுவதற்குள் இன்னொரு முறை, டிசம்பரில் நத்தாருக்கு முன்னால், வந்து பார்ப்பதாகச் சொன்னா. அதிலும் சரிவராவிட்டால் எல்லாம் முதலில் இருந்து. அது வருஷக் கணக்காகும்.

ஸ்டெஃபானியின் கார் போனது. லவன் வெடித்தான்.

"என்ரை பிள்ளையை வரவிடாமல் பண்ணிப்போட்டியள்! ஒரு கிளாஸ் குடிச்சால் அவ செத்தே போயிருப்பா? நீங்கள் ஆர் எங்களுக்கு?"

"ஒரு கிளாஸ்ல ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள் ரோசாலி. "ஆனா தெரிஞ்சுக்கிட்டு ஒருத்தி வாயில ஊத்த என்னால முடியாது, லவன்."

எனக்கும் அவள்மேல் கோபம்தான். வாயை மூடுகிறேன் என்று ஒப்புக்கொண்டவள்தானே? ஆனால் லவன் அடுத்துச் செய்த வேலையைப் பார்த்ததும் கோபம் அவன் பக்கம் திரும்பிவிட்டது. விசரன், ஊருக்குப் போன் எடுத்து, அஜந்தாவிடம் கத்தி அழுது எல்லாவற்றையும் சொல்லி, "இந்தா, உன்னை வரவிடாமல் செய்த மனிசி இஞ்சைதான் நிக்கிறா, நீயே கேள்!" என்று போனை ரோசாலியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அஜந்தா ஏசப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் ஏசவில்லை. பின்னால் அக்ஷரா ஏதோ பாடிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"அக்கா, அந்தத் தண்ணியை இவள் குடிச்சு வளந்தால் என்ன வரும்?"

"இன்னைக்கு நாளைக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வருஷக் கணக்கா குடிச்சா நல்லது இல்ல. பெரிய வியாதிக்குக்கூட வழி இருக்குன்னு சொல்றாங்க. வரும்னு நான் சொல்லல. வராதுன்னும் சொல்ல மாட்டேன்."

"அப்ப நாங்கள் பிந்தியே வாறம். நீங்கள் வடிவாச் செய்யுங்கோ அக்கா" என்றாள் அஜந்தா. அந்தப் பெண் எத்தனை வருஷம் பொறுத்தவள் என்று எனக்குத் தெரியும். ரோசாலி போனை லவனிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு அதெல்லாம் வராது. "வடை ஆறுது, வா" என்றேன்.

அடுத்த கிழமை பரிசோதனைப் பதில் வந்தது. அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. சாயமும் குளோரினும் சேர்ந்து உண்டான பொல்லாத சாமான், இருக்கக்கூடிய எல்லையை எங்கேயோ தாண்டி நின்றது. லவன் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு ரோசாலி எதைச் சொன்னாலும் வாய் பேசாமல் செய்தான்.

அன்றுமுதல் என் கடை ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. ஊறுகாய்ப் போத்தல்களை எல்லாம் கழுவி எடுத்து, சதுப்புத் தண்ணீரை நிரப்பி, மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு படிகாரம். படிகாரம் போட்டால் சாயம் திரண்டு அடியில் விழும் என்பது கணக்கு. குளத்திலும் அப்படித்தான் செய்வாளாம். ஒன்றும் விழவில்லை! கூடப் போட்டாள். அப்போதும் அந்தத் தேத்தண்ணி தேத்தண்ணியாகவே முழித்துக்கொண்டு நின்றது. வருகிற சனமெல்லாம் பகிடி. "இந்திராக்கா சாராயம் காய்ச்சத் துவங்கிட்டா போல" என்றார் ஒருவர். அவருக்கு அன்றைக்குக் கொடுத்த பேச்சில் இரண்டு கிழமை அந்தாள் தெருப்பக்கம் வரவில்லை.

ரோசாலி சோரவில்லை. குளத்துக்குத் தண்ணீர்ச் சோதனை செய்ய வருகிற ஆன்-சோஃபி என்கிற பெண்ணைப் பிடித்துக் கேட்டாள். தெரியாததைக் கேட்க அவளுக்கு வெட்கமே கிடையாது. அந்தப் பிள்ளை சொல்லித்தான் விஷயம் விளங்கியது. குளத்துத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றில் கேட்கவே வேண்டாம், கேத்திலில் கல்லாகவே படியும். இந்தச் சதுப்புத் தண்ணீரிலோ சுண்ணாம்பு மருந்துக்கும் இல்லை. வெறும் புளிப்பு. அதில் படிகாரத்தையும் போட்டால் புளிப்புக்கு மேல் புளிப்பு, திரள எப்படி மனம் வரும்? முதலில் கொஞ்சம் சுண்ணாம்பு, பிறகு படிகாரம். அதுவும் அளவாக. சுண்ணாம்பு கூடினாலும் சாயம் பிடிவாதம் பிடிக்கும்.

ஒரு சனிக்கிழமை, கடையில் சனம் நெருக்கியடிக்கிற நேரம். ரோசாலி ஒரு போத்தலைக் கலக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்திரா! இந்திரா!" என்று கத்தினாள். ஓடிப் போனேன். பால் திரைகிற மாதிரி உள்ளே மண்ணிறக் கட்டிகள் திரண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. மேலே தண்ணீர் வெளுத்துத் தெளிந்து நின்றது. அங்கே நின்ற அவ்வளவு பேரும் கை தட்டினார்கள். வெண்டைக்காய் வாங்க வந்த ஒரு மனிசி என்ன ஏதென்று தெரியாமலே கண்கலங்கிவிட்டா.

பிறகு வேலை, வேலை, வேலை. லூடோவிக் பழைய தொட்டிகளைக் கொடுத்தார், குழாய் பொருத்தவும் தானே வந்து நின்றார். முதல் தொட்டியில் சுண்ணாம்பும் படிகாரமும் கலந்து தண்ணீரை ஆறவிட வேண்டும், அடியில் தங்குகிற சேற்றைத் திறந்துவிட வேண்டும். அடுத்தது மணல். அதற்கடுத்தது கரி, மிச்சம் மீதிச் சாயத்தையும் மணத்தையும் அது பிடித்துவைக்கும். கடைசியில் ஒரு நீல விளக்கு. சாயம் போய்த் தெளிந்த தண்ணீருக்குள் அந்த ஒளி பாய்ந்து கிருமியைக் கொல்லும், குளோரினே வேண்டாம். அந்த மணலைக் கழுவியே லவனின் கை வெடித்துவிட்டது. விமான நிலையத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்து, கிணற்றடியில் மணல் கழுவுவான். குளிர் வந்ததும் திரளுகிற வேகம் குறைந்தது. ரோசாலி தொட்டிக்குப் பழைய கம்பளிகளைச் சுற்றி, காத்திருக்கிற நேரத்தைக் கூட்டினாள். "பதறாத லவன். இந்தத் தடவ நான் அவசரப்பட மாட்டேன்" என்பாள். அவளுக்கு முழங்கால் வலி. அந்த வலியோடு ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஈரத்துக்குள் முட்டுக்காலில் நின்றாள். சும்மா சொல்லக்கூடாது, என் கூடப்பிறந்தவர்களே எனக்கு இவ்வளவு செய்தது கிடையாது.

நத்தாருக்கு முந்தின கிழமை ஸ்டெஃபானி சொன்னபடி வந்தா. இந்த முறை ரோசாலி எல்லாப் பரிசோதனைகளையும் தானே நீட்டினாள். கிருமி இல்லை, சாயம் இல்லை, இரும்பு இல்லை, முன்பு இருந்த பொல்லாத சாமானும் இல்லை. தொட்டி தொட்டியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, இதை யார் எப்போது கழுவவேண்டும், விளக்கை எப்போது மாற்றவேண்டும், கரியை எப்போது புதுப்பிக்கவேண்டும் என்றெல்லாம் லவனைக் கொண்டே சொல்ல வைத்தாள். அவன் திக்கித் திணறிப் பிரெஞ்சில் சொல்லி முடித்தான். ஸ்டெஃபானி அங்கேயே எழுதினா. போகும்போது ரோசாலியின் கையைப் பிடித்து, "அன்றைக்கு நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் குடித்துவிட்டு எழுதியும் கொடுத்திருப்பேன்" என்றா.

விசா கிடைத்து அஜந்தாவும் பிள்ளையும் வந்து இறங்கியது வசந்தத்தில். ருவாசிக்கு நானும் லவனும் போனோம். ரோசாலியையும் கூப்பிட்டோம், வரமாட்டேன் என்றுவிட்டாள். "குழந்த வர்ற அன்னைக்கு மணல் கழுவாம இருந்தா எப்படி? நீங்க போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. நான் அங்க இருக்கேன்." விமான நிலையத்தில் அக்ஷரா தகப்பனைக் கண்டதும் தாயின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். போனுக்குள் முத்தம் கொடுத்த பிள்ளை, ஆளை நேரே கண்டதும் வெட்கப்பட்டாள். லவன் தூக்கக் கை நீட்ட, சிணுங்கினாள். கார் போகிற வழி முழுக்க அவன் பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தான்.

வீட்டு வாசலில் ரோசாலி ஈரக் கையோடு நின்றாள். அஜந்தா இறங்கினவுடன் நேரே போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுகிறார்கள், நானும் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுகிறேன், பிள்ளையை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் எங்களைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டாள்.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், குசினியில் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, குழாயைத் திறந்து, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். பிளேனில் இருந்தே தண்ணீர் விடாய் என்று அழுதுகொண்டு வந்த பிள்ளை. லவன் பாய்ந்து போனான். கிட்டப் போய், கையை நீட்டிவிட்டு, தொடாமல் நின்றான். பொண்டாட்டியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. திரும்பி ரோசாலியின் முகத்தைப் பார்த்தான்.

"குடிக்கட்டும், விடு" என்றாள் ரோசாலி.

லவன் தன் இரண்டு கையையும் பிள்ளையின் சின்னக் கைகளுக்குக் கீழே ஏந்தினான். அவளுடைய கையில் நில்லாமல் ஒழுகியது அவன் கையில் நிறைந்தது. அக்ஷரா குனிந்து தகப்பனின் கையிலேயே வாயை வைத்து, மூச்சு விடாமல் குடித்தாள்.